நாலு நாள் லீவும் ஒரு தீவும்

அக்கா மகளுக்குச் சனி ஞாயிறு சேர்த்து நாலு நாள் லீவு. கோயம்புத்தூரில் ஐடி வேலை. "சித்தி, நாலு நாளில சாந்தோரினி போய்ட்டு வந்துடலாமா?" என்று மெசேஜ். கூடவே ஒரு படம்: வெள்ளை வீடு, நீலக் கூரை, பின்னால் கடல்.

போய்ட்டு வரலாம் மக்களே. போகலாம், வரலாம். நடுவில் பார்க்கத்தான் நேரம் இருக்காது.

கோயம்புத்தூரிலிருந்து ஏதென்ஸுக்கு நேர் விமானம் கிடையாது. வழியில் எங்காவது இறங்கி மாற வேண்டும். ஏதென்ஸில் இறங்கிய பிறகும் தீவு வந்துவிடாது. இன்னொரு விமானம் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் பிரேயஸ் துறைமுகத்துக்குப் போய்க் கப்பல் ஏற வேண்டும். வேகக் கப்பலென்றால் ஐந்து மணி நேரம், சாதாரணக் கப்பலென்றால் எட்டு மணி நேரம் பக்கம். போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள் கழித்தால் மிஞ்சுவது ஒரே ஒரு பகல். அந்தப் பகலில் உன்னோடு அங்கே யார் யார் இருப்பார்கள் தெரியுமா? சொகுசுக் கப்பல்களில் ஒரு நாளைக்கு 8,000 பேருக்கு மேல் இறங்கக் கூடாது என்று அந்தத் தீவுக்காரர்கள் வரம்பு வைத்திருக்கிறார்கள். வரம்பே எட்டாயிரம்! 2025 கோடையிலிருந்து சீசன் காலத்தில் கப்பலில் வந்து இறங்குகிறவர்களிடம் தலைக்கு 20 யூரோ வசூலும் உண்டு. இதெல்லாம் ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ கட்டி, குறைந்தது பதினைந்து நாள் முன்னால் விண்ணப்பம் கொடுத்து, அது கிடைத்த பிறகு.

இதைவிடப் பெரிய விஷயம் காற்று. ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து மெல்டெமி என்ற காற்று வீசும். வெயில் பளிச்சென்று இருக்கும், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இருக்காது, ஆனால் கடல் கொந்தளிக்கும். காற்று ஓர் அளவைத் தாண்டினால் துறைமுக அதிகாரிகள் கப்பலை விட மாட்டார்கள். நாலு நாள் பயணத்தில் ஒரு கப்பல் ரத்தானால் பயணமே ரத்தான மாதிரி. 2025 பிப்ரவரியில் சாந்தோரினியில் அடுக்கடுக்காக நிலநடுக்கம் வந்து, ஆயிரக்கணக்கானவர்கள் தீவைக் காலி செய்துகொண்டு போனார்கள். போட்டோவில் நாம் ரசிக்கிற அந்தச் செங்குத்துப் பாறை, மூவாயிரத்து அறுநூறு வருஷம் போல முன்னால் வெடித்த எரிமலையின் வாய் விளிம்புதான்.

சின்னப் பயணத்துக்கு நான் வைத்திருக்கிற விதி ஒன்றே ஒன்று. படத்தைப் பார்த்துத் தீவைத் தேர்ந்தெடுக்காதே, தண்ணீரைப் பார்த்துத் தேர்ந்தெடு. எத்தனை தடவை தண்ணீரைக் கடக்கணும், எந்தக் காற்றில், எந்த வண்டியில் என்று கேட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். என்றாவது பத்து நாள் லீவு கிடைத்துக் கிரேக்கத்துக்குப் போவாயானால் சாந்தோரினியை விட்டுவிட்டு ஏஜினாவுக்குப் போ. பிரேயஸிலிருந்து வேகப் படகில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். 2,500 வருஷப் பழைய அஃபாயா கோயிலின் தூண்கள் இன்னும் நிற்கின்றன, பிஸ்தா தோட்டமும் இருக்கிறது, சாயங்காலமே ஏதென்ஸுக்குத் திரும்பிவிடலாம். இன்னும் கொஞ்சம் தள்ளி ஹைட்ரா. அங்கே கார், பைக் எதுவும் ஓடாது. சாமான் தூக்க கோவேறு கழுதைதான். மே அல்லது செப்டம்பர் கடைசி நல்லது.

இந்த நாலு நாளைக்குத் தீவு வேண்டுமானால் இங்கே வா. திருவனந்தபுரம் பக்கம் நான் இருக்கிற கோட்டுகாலிலிருந்து அரை மணி நேரத்துக்குள் பூவாறு.

உடனே ஒன்று சொல்லிவிடுகிறேன், பிறகு வந்து சண்டை போடக்கூடாது. பூவாறு "ஐலண்டு" என்று விளம்பரத்தில் எழுதுகிறார்களே, அது நீ நினைக்கிற மாதிரித் தீவு இல்லை. நெய்யாறு அகத்தியமலையில் பிறந்து 56 கிலோமீட்டர் ஓடி, கடலுக்குப் பக்கத்தில் வந்ததும் அவசரப்படாமல் விரிந்து கிடக்கிறது. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாக ஒரு மணல்திட்டு. ஆற்றின் அக்கரையிலும் மணல்திட்டின் ஓரத்திலும் உள்ள விடுதிகளுக்குப் படகில்தான் போக முடியும். படகில் போவதால் தீவு. அவ்வளவுதான். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. தண்ணீரைக் கடந்து ஓர் இடத்துக்குப் போகிற சந்தோஷம் நாலு பக்கமும் தண்ணீர் இருந்தால்தான் வரும் என்றில்லை.

கிரேக்கம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. நாம் அங்கே போக ஆசைப்படுவதற்கு இரண்டாயிரம் வருஷம் முன்னாலேயே அவர்கள் இங்கே வந்துவிட்டார்கள். முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட எரித்திரியக் கடல் பயணக் குறிப்பு என்ற வணிகர் கையேடு, குமரிக்குக் கொஞ்சம் வடக்கே பலிதா என்று ஓர் ஊரைச் சொல்கிறது. நல்ல துறைமுகமும் கடலோரத்தில் ஒரு கிராமமும் உண்டு என்று ஒரு வரி. அது நம்ம பக்கத்து ஊர் விழிஞம் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், வர்க்கலை என்று சிலர். தாலமி எழுதிய நிலநூலில் ஆய் நாடு வருகிறது. விழிஞம் அந்த ஆய் வேளிரின் ஊராக இருந்ததற்குக் கல்வெட்டும் செப்பேடும் இருக்கின்றன. அந்த வணிகர்களும் காற்றைப் பார்த்துத்தான் திட்டம் போட்டார்கள். எகிப்திலிருந்து ஜூலை வாக்கில் கிளம்பினால் தென்மேற்குப் பருவக்காற்று இந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்து விட்டுவிடும். திரும்ப வடகிழக்குக் காற்று வருகிற வரை இங்கேதான் கிடக்க வேண்டும். நாலு நாள் லீவுக்காரர்கள் யாரும் அதில் இல்லை.

சரி, பூவாறு. முதலில் பொழியைப் பற்றித் தெரிந்துகொள். ஆறு கடலில் சேருகிற வாயைத்தான் இங்கே பொழி என்போம். மழை குறைந்த மாதங்களில் கடல் மணலைக் கொண்டுவந்து போட்டு அந்த வாயை அடைத்துவிடும். அப்போது ஆறு குளம் மாதிரி அசையாமல் நிற்கும், மணல்திட்டின் மேல் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நடக்கலாம். மழை பெய்து ஆறு பெருகினால் பொழி உடையும். சில சமயம் ஊருக்குள் தண்ணீர் ஏறாமல் இருக்க ஆள் வைத்தே வெட்டி விடுவார்கள். உடைந்த அன்றைக்குப் பார்த்தால் பழுப்புத் தண்ணீர் நீலக் கடலுக்குள் ஒரு நாக்கு மாதிரி நீண்டு போகும். போன மாதம் வந்தவர் நடந்துபோன இடத்தில் இந்த மாதம் ஆள் மட்டத்துக்கு மேல் நீரோட்டம் இருக்கும். அதனால் பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு வராதே. வருவதற்கு முந்தின நாள் பொழி திறந்திருக்கா, அடைந்திருக்கா என்று நானே போய்ப் பார்த்துச் சொல்கிறேன்.

படகுக்கு வருவோம். விழிஞத்திலிருந்து பூவாறு போகிற சாலையில் கொஞ்ச தூரத்துக்கு ஒரு முறை ஒருவர் கையைக் காட்டிக் காரை மறிப்பார். "போட்டிங், போட்டிங்." ஒவ்வொரு படகுத்துறைக்கும் ஒரு ஆள். முதல் கையைப் பார்த்ததும் நிற்காதே. விலை ஆளுக்கு இல்லை, படகுக்கு. எத்தனை நேரம், எங்கெங்கே போகும், மணல்திட்டில் இறக்கிவிட்டுக் காத்திருப்பார்களா, இந்த மூன்றையும் ஏறுவதற்கு முன்னால் பேசி முடித்துவிட வேண்டும். மலையாளம் தெரியாதே என்று பயப்பட வேண்டாம். இந்தக் கரையில் பாதிப் பேர் மார்த்தாண்டம் சந்தைக்குப் போய் வருகிறவர்கள். "அண்ணா, கொஞ்சம் குறைச்சு சொல்லுங்க" என்றால் தமிழிலேயே விலை குறையும், தமிழிலேயே குறையாமலும் நிற்கும்.

ஒன்றில் மட்டும் பேரம் கிடையாது. லைஃப் ஜாக்கெட். 2023 மே 7 அன்று மலப்புறத்துத் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், அதில் நிறையக் குழந்தைகள். அளவுக்கு மேல் ஆள் ஏற்றியதுதான். ஜாக்கெட் கொடுக்காத படகு, கொடுத்தும் கொக்கி உடைந்து கிடக்கிற ஜாக்கெட், "இது ஆழமில்லை மோளே" என்று சிரிக்கிற ஆள், இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் அடுத்த துறைக்கு நடந்துவிடு.

நேரம் காலைதான். ஆறரைக்குப் படகில் இருக்க வேண்டும். எல்லோரும் சூரியன் கடலில் மறைவதைப் பார்க்க நாலரைக்கு மேல் வந்து குவிகிறார்கள், ஒரு படகின் டீசல் புகை இன்னொரு படகில் இருப்பவர் முகத்தில் அடிக்கும். காலையில் அது கிடையாது. கண்டல் மரங்களுக்கு நடுவில் குறுகின ஓடைக்குள் நுழைகிறபோது படகுக்காரர் எஞ்சினைக் குறைத்துவிடுவார். அப்போது வேரிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம்கூடக் கேட்கும். மீன்கொத்தி தாழ்ந்த கிளையில் உட்கார்ந்திருக்கும், படகு பக்கத்தில் வருகிற வரை அசையாது, பிறகு ஒரே கோடாக நீலம் பாயும். தலைக்கு மேலே செம்பருந்து. நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருக்கும். ஓடையிலிருந்து விரிந்த இடத்துக்கு வந்ததும், இதுவரை எங்கோ தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்த கடல் சட்டென்று முன்னால் நிற்கும். நான் எத்தனை விருந்தாளிகளைக் கூட்டிப்போயிருந்தாலும் அந்த இடத்தில் எல்லாரும் பேச்சை நிறுத்துகிறார்கள். யானைப் பாறை என்று ஒரு பாறையைக் காட்டுவார்கள், பாறை மேல் மாதா சிலையையும் காட்டுவார்கள். மிதக்கிற ஹோட்டல்களில் சாப்பிடச் சொல்லுவார்கள். வேண்டாம். கரிமீன் வீட்டில் பொரித்துக்கொள்ளலாம். அங்கே நீ கொடுக்கப் போவது மீனுக்கான காசு இல்லை, மிதப்பதற்கான காசு.

மணல்திட்டில் இறங்கினால் கடலில் கால் நனைக்காதே என்று சொன்னால் கேட்கமாட்டாய். அதனால் காரணத்தைச் சொல்கிறேன். இந்தக் கரை சரிவானது. மெரினா மாதிரி அலை தூரத்திலேயே உடைந்து தவழ்ந்து வராது, கரைக்கு வந்துதான் மொத்தமாக விழும். விழுந்த தண்ணீர் திரும்புகிறபோது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். அதோடு கள்ளக்கடல். காற்றும் இல்லாமல், மழையும் இல்லாமல், நல்ல வெயிலில் கடல் திடீரென்று ஏறி வருவதற்கு எங்கள் கடற்கரைக்காரர்கள் வைத்த பெயர் அது. தெற்கே வெகுதொலைவில் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசுகிற பலத்த காற்று கிளப்பிவிட்ட நீண்ட அலைகள் நாள்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து சேருகின்றன. 2012-ல் யுனெஸ்கோ அந்தப் பெயரையே அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது. பெரும்பாலும் கோடையில், பருவமழைக்கு முன்னால். ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் நிறுவனம் முன்கூட்டியே எச்சரிக்கை விடும். 2024 மே 6 அன்று அப்படி எச்சரிக்கை இருந்த நாளில்தான் கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்களை அலை கொண்டுபோனது. அந்த எச்சரிக்கை வந்தால் பூவாறு கிடையாது. அதற்கு வேறு திட்டம் வைத்திருக்கிறேன், பிறகு சொல்கிறேன்.

மணலில் உட்காரும்போது கொஞ்சம் கிளறிப் பார். ஜவ்வரிசி அளவுக்கு வெள்ளை உருண்டைகள் தட்டுப்பட்டாலும் படலாம். முத்து என்று பொறுக்காதே, பிளாஸ்டிக். 2025 மே மாதம் எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் விழிஞத்திலிருந்து கிளம்பிக் கொச்சி போகிற வழியில் மூழ்கிப்போனது. அதன் பெட்டிகளில் இருந்த பிளாஸ்டிக் மணிகள் திருவனந்தபுரம் கரையெல்லாம் ஒதுங்கின. தன்னார்வலர்கள் சல்லடை வைத்துச் சலித்தார்கள். எல்லாம் போய்விட்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்த நாள் காலை அடிமலத்துறை. கோட்டுகால் பஞ்சாயத்துக்குள்ளேயேதான், நடந்தே போகலாம். எனக்குப் பூவாற்றைவிட இதுதான் பிடிக்கும். காசு கொடுத்து ஏறுகிற படகு எதுவும் இல்லை. பார்ப்பதற்கு இருப்பது கரைமடி. ஒரு வள்ளம் வடக்கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டுக் கடலுக்குள் அரை வட்டமாகப் போய் வலையை விரித்து, மறு முனையைக் கொஞ்ச தூரம் தள்ளிக் கரைக்குக் கொண்டுவரும். பிறகு இரண்டு கூட்டம் இரண்டு முனையையும் பிடித்து இழுக்கும். வயசான ஆள்கள், பள்ளிக்கூடம் போகாத பையன்கள், இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்து சாய்ந்து ஒரே தாளத்தில். ஈரக் கயிற்றை ஒருவர் பின்னால் சுருட்டிக்கொண்டே வருவார். இரண்டு கூட்டமும் மெல்ல மெல்ல நெருங்கி வரும். மணிக்கணக்கில் போகிற வேலை இது, போட்டோ எடுக்க வந்தவர்கள் பாதியில் போய்விடுவார்கள். நீ இரு. கடைசியில் மடி கரையேறுகிற நிமிஷத்தில்தான் காக்கையும் பருந்தும் பெண்களும் ஒரே சமயத்தில் வந்து சேருவார்கள். பெண்கள் கையில் அலுமினியச் சருவம். உள்ளே சாளை, நெத்திலி, வாளை, நடுவில் மை கக்கிக்கொண்டு ஒரு கணவாய். சில நாள் வெறும் சொறியும் பாசியும். அப்போது யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், மடியை உதறிவிட்டு பீடி பற்றவைப்பார்கள். நல்ல நாளென்றால் அங்கேயே ஏலம். அந்த ஏலத்தின் பாஷை தமிழா மலையாளமா என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. இரண்டும்தான்.

இங்கே அது அப்படித்தான். 1956 நவம்பர் 1 அன்று எல்லை பிரித்தபோது விளவங்கோடு வரை தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நெய்யாற்றின்கரை கேரளப் பக்கம் நின்றது. நேசமணி ஐயாவின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது, கிடைக்கவில்லை. அதனால் மார்த்தாண்டத்திலிருந்து கோட்டுகாலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த என் மாதிரிப் பெண்கள் ரேஷன் கார்டை மலையாளத்திலும் பிரார்த்தனையைத் தமிழிலும் வைத்துக்கொண்டிருக்கிறோம். கடற்கரையில் இதற்கும் முந்தின கதை. 1544-ல் சவேரியார் முக்குவர் ஊர்களுக்கு வந்து ஞானஸ்நானம் கொடுத்தபோது கேரளமும் இல்லை, தமிழ்நாடும் இல்லை, ஒரே கரை.

ஆழிமலைக்கு அன்றைக்கே சாயங்காலம் போகலாம். பாறை மேல் கங்காதரேசுவரர் சிலை, 58 அடி, ஆறு வருஷம் கட்டி 2020 கடைசியில் திறந்தார்கள். கூட்டம் இருக்கும். சிலையைப் பார்த்த பிறகு வடக்கே திரும்பிப் பார். விழிஞம் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். 2024 ஜூலையில் முதல் தாய்க்கப்பல் சான் ஃபெர்னாண்டோ வந்தது, 2025 மே 2 அன்று பிரதமர் திறந்து வைத்தார். அதற்கு முன் 2022-ல் கடல் அரிப்பையும் பிழைப்பையும் சொல்லி மீனவர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்ததையும் மறக்கக் கூடாது. கரையோரத்து வீடுகள் கடலுக்குள் போனதைப் பார்த்தவர்களிடம் துறைமுகத்தைப் பெருமையாகப் பேசிவிடாதே. காரணம் துறைமுகம்தான், இல்லை இல்லை என்ற வழக்கு இன்னும் டீக்கடைகளில் நடந்துகொண்டிருக்கிறது.

இனி அந்த வேறு திட்டம். கடல் சரியில்லாத நாளில் விழிஞம் குடைவரைக்குப் போவோம். எட்டாம் நூற்றாண்டு. சின்னது, ஒரே ஒரு அறை. உள்ளே வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி. வெளியே ஒரு பக்கம் திரிபுராந்தகர், இன்னொரு பக்கம் ஆடுகிற சிவனும் பார்வதியும், இரண்டுமே செதுக்கி முடிக்காமல் விட்ட புடைப்புகள். உளி எங்கே நின்றது என்று கண்ணால் தேடிக்கொண்டிருக்கலாம். மேப்பில் "கோட்டுக்கல் குகைக்கோயில்" என்று தட்டினால் அது உன்னைக் கொல்லம் மாவட்டத்துக்கு, அஞ்சல் பக்கம் கொண்டுபோய்விடும். அது வேறு ஊர், வேறு குடைவரை. டாக்ஸிக்காரர்களே குழம்புகிறார்கள்.

மழை விட்டால் பாலராமபுரம் சாலியர் தெருவுக்குப் போகலாம். 1800 வாக்கில் பாலராமவர்மா மகாராஜா காலத்தில் தெற்கிலிருந்து கூட்டி வந்து குடியேற்றிய நெசவாளர்கள், வீட்டில் பேசுவது தமிழ். குழித்தறியில் நெய்கிற கசவு வேட்டிக்குப் புவிசார் குறியீடு உண்டு. கடையில் வாங்குவதற்கு முன்னால் தறிச் சத்தம் கேட்கிற வீடு எது என்று கேட்டு ஒரு பத்து நிமிஷம் நின்று பார்.

இன்னும் நேரம் இருந்தால் எனக்கு ஓர் ஆசை உண்டு. ஏ.வி.எம். கால்வாய் என்று 1860-ல் வெட்டத் தொடங்கினார்கள், அனந்தன், விக்டோரியா, மார்த்தாண்டன் என்று சாமி, ராணி, ராஜா மூவர் பெயரையும் சேர்த்து. திருவனந்தபுரத்திலிருந்து குமரி வரை நீர்வழியாகப் போக வேண்டும் என்பது திட்டம். பூவாற்றிலிருந்து நீரோடி, தேங்காய்ப்பட்டணம் பக்கமாகப் போகிறது. 2016-ல் பூவாறு முதல் இரையுமன்துறை வரை உள்ள 11 கிலோமீட்டரைத் தேசிய நீர்வழி 13 என்று அறிவித்தார்கள். அறிவித்தார்கள், அவ்வளவுதான். பல இடத்தில் ஆகாயத்தாமரையும் குப்பையும் மூடிக் கிடக்கிறது. அதில் ஒரு படகு ஓடியிருந்தால் காலையில் கேரளாவில் ஏறி மதியச் சாப்பாட்டுக்குத் தமிழ்நாட்டில் இறங்கலாம். இப்போதைக்குப் பொழியூர் வழியே ரோட்டில் போய், கொல்லங்கோடு தாண்டி நிறுத்திக் கால்வாயை எட்டிப் பார்க்க மட்டும் முடியும்.

பயணம் இப்படி: வெள்ளி ராத்திரி ரயில் ஏறினால் சனி காலை திருவனந்தபுரம். கிழக்கேகோட்டையில் விழிஞம் வழி பூவாறு போகிற கேஎஸ்ஆர்டிசி பஸ் நிற்கும், ஆட்டோக்காரர்களிடம் சிக்காதே. சனி ஓய்வு, ஞாயிறு காலை பூவாறு, திங்கள் அடிமலத்துறை, ஆழிமலை, செவ்வாய் மதியத்துக்கு மேல் கிளம்பலாம். சில்லறைப் பணம் எடுத்து வா, படகுத்துறையில் சில சமயம் நெட்வொர்க் இருக்காது. தனியாக வருகிறாயா, ஃப்ரெண்ட்ஸைக் கூட்டி வருகிறாயா என்று வியாழனுக்குள் சொல்லிவிடு. சாளை என்றால் சந்தையில் அன்றைக்கே வாங்கிக்கொள்ளலாம், நெய்மீன் வேண்டுமென்றால் முந்தின நாளே சொல்லி வைக்கணும்.